டைனோசர் முட்டை வாங்கப் போகிறீர்களா?

வரவேற்பறையில் கண்ணாடிப் பேழைக்குள் ஒரு டைனோசர் முட்டை இருந்தால் வீட்டுக்கே தனிக் களை வந்துவிடும் என்று ஆசைப்படும் பெருமக்களே, தயங்காதீர்கள். கையில் காசு இருந்தால் போதும். ஏழு கோடி ஆண்டுப் பழமையான பொருளாயிற்றே, போலீஸ் வருமா, கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்குமா என்றெல்லாம் பயப்பட வேண்டாம். அந்தப் பயமெல்லாம் மண்ணைத் தோண்டி அதை எடுக்கிற விவசாயிக்கு. அவன் மாட்டினால் கடத்தல்காரன். நாலு கை மாறி, தேய்த்து மெருகேற்றி உங்களிடம் வந்து சேரும்போது நீங்கள் ரசனை மிக்க சேகரிப்பாளர்.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தால்தானே சுற்றிப் போக முடியும்! அமெரிக்காவில் தனியார் நிலத்தில் கிடைக்கும் புதைபடிவம் நிலத்துக்காரருக்கே சொந்தம். விற்கலாம், உடைக்கலாம், மேசை விளக்குக்குப் பீடமாக்கலாம், கேட்க ஆளில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டரசின் நிலமாக இருந்துவிட்டால், 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியில்லாமல் ஒரு டைனோசர் எலும்பைக்கூட எடுக்கக் கூடாது. சீனாவோ 1982-லேயே அறிவியல் மதிப்புள்ள முதுகெலும்பிகளின் புதைபடிவங்களைத் தொல்பொருளுக்குச் சமமாகப் பாதுகாக்க வேண்டுமென்று சட்டத்தில் எழுதிவைத்தது. 2011-இல் புதைபடிவங்களுக்கென்றே தனி விதிமுறைகளும் அங்கே நடைமுறைக்கு வந்தன. அர்ஜென்டினா 2003-இல் சட்டம் போட்டது. மங்கோலியாவிலோ புதைபடிவம் அரசின் சொத்து. முட்டை மிகுதியாகக் கிடைக்கும் இந்த மூன்று நாடுகளும் ‘எடுக்காதே’ என்கின்றன. ஆனாலும் சந்தையில் முட்டைக்குப் பஞ்சமே இல்லை.

எப்படி என்று விற்பவரைக் கேட்டுப் பாருங்கள். “இது பழைய சேகரிப்பு சார், தடை வருவதற்கு முன்பே வந்தது” என்பார். மணிமேகலையின் அமுதசுரபிகூட எடுக்க எடுக்கச் சோறுதான் தந்தது. இந்தப் பழைய சேகரிப்போ எடுக்க எடுக்க முட்டை தருகிறது. நாற்பது ஆண்டுகளாக விற்றும் தீராத கையிருப்பு எந்தக் கிடங்கில் இருக்கிறது என்று எந்த அரசும் போய்ப் பார்த்ததாகத் தெரியவில்லை. 2006-இல் லாஸ் ஏஞ்சலஸில் 22 முட்டைகள் கொண்ட ஒரு கூடு 4,20,000 டாலருக்கு ஏலம் போனது. குவாங்டோங்கிலிருந்து வந்த கூடு அது. குவாங்டோங் இருப்பது சீனாவில் என்பதைச் சொல்ல நிலவியல் அறிஞர் தேவையில்லை, பள்ளிக்கூட வரைபடம் போதும்.

ஹெனான் மாகாணத்தின் சீசியா வட்டாரத்தில் 1990-களின் தொடக்கத்தில் விவசாயிகள் முட்டைகளைத் தோண்டித் தோண்டி விற்றார்கள். ஆயிரக்கணக்கில் அவை கடல் கடந்தன. அவற்றில் ஒரு பாறைத் துண்டு 1993-இல் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு நிபுணர் ஊசிமுனைக் கருவியால் பாறையைச் சுரண்டச் சுரண்ட, ஒன்றரை அடி நீள முட்டைகளின் மேல் சுருண்டு கிடந்த ஒரு குஞ்சின் எலும்புக்கூடு வெளிப்பட்டது. குஞ்சுக்கு ‘பேபி லூயி’ என்று செல்லப் பெயர் வைத்தார்கள். சீனக் குழந்தைக்கு அமெரிக்கப் புகைப்படக் கலைஞரின் பெயர்! 1996-இல் அந்தக் குஞ்சு நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் இடம்பிடித்தது. 2001-இல் இண்டியானாபொலிஸ் சிறுவர் அருங்காட்சியகம் அதை விலை கொடுத்து வாங்கியது. அது சொந்த மாகாணத்துக்குத் திரும்பியபோது 2013 டிசம்பர் ஆகிவிட்டது. முறையான அறிவியல் பெயர் 2017-இல்தான் கிடைத்தது: பெய்பெய்லாங் சைனென்சிஸ். வயலில் கிடைத்து, பெயர் பெறுவதற்குள் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. இத்தனை பேர் கையில் புரண்ட அந்தப் பாறையில் மிகக் குறைவாகச் சம்பாதித்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த பாடம், காகிதம். முட்டையை விடக் காகிதம்தான் முக்கியம். மங்கோலியாவின் டார்போசாரஸ் (டைரனோசாரஸ் படார் என்றும் சொல்வார்கள்) என்ற டைனோசரின் எலும்புக்கூடு ஒன்று அமெரிக்கச் சுங்கத்தைக் கடந்தபோது, பிறந்த நாடு பிரிட்டன், மதிப்பு 15,000 டாலர் என்று படிவத்தில் எழுதியிருந்தது. அதே எலும்புக்கூடு 2012-இல் நியூயார்க்கில் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. மங்கோலிய அதிபர் கூச்சல் போட்ட பிறகே அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. யார் மீது? எலும்புக்கூட்டின் மீது! ‘அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் ஒரு டைரனோசாரஸ் படார் எலும்புக்கூடு’ என்பதே வழக்கின் தலைப்பு. பொருளையே பிரதிவாதியாக்குவது அந்த நாட்டுப் பறிமுதல் வழக்கின் முறையாம். இருக்கட்டும். கடத்தியவருக்குக் கடைசியில் கிடைத்தது மூன்று மாதச் சிறை. கோழி திருடினால்கூட அதைவிடக் கூடுதலாக உள்ளே இருக்க வேண்டிவரும்.

இந்தக் காகித வித்தை தமிழர்களுக்குப் புதிதல்ல. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் திருடு போய், 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு ஐம்பது லட்சம் டாலருக்கு விற்கப்பட்டார். 1970-இல் டெல்லியில் முறைப்படி வாங்கியது என்று அவருக்கும் ஒரு பழைய சேகரிப்புக் காகிதம் இருந்தது. காகிதம் பொய்யென்று அம்பலமாகி அவர் நாடு திரும்பியது 2014-இல். அவராவது சாமி. கேட்பதற்கு ஊர் இருந்தது, சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு இருந்தது, பழைய புகைப்படம் இருந்தது. முட்டைக்கு யார் புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறார்கள்?

இன்னொரு வேடிக்கை உண்டு. சந்தையில் புழங்கும் முட்டைகளில் பல, உடைந்த ஓட்டுச் சில்லுகளை வெறும் கல்லுருண்டைமேல் பசைபோட்டு ஒட்டியவை. திருட்டு மாலிலும் கலப்படம்! ஏமாந்த கனவான்கள் ‘நேர்மையே போய்விட்டது’ என்று புலம்புகிறார்கள். எந்த நேர்மை என்றுதான் புரியவில்லை.

“ஒரு முட்டை போனால் என்ன குடி முழுகிவிடும்?” என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். குஜராத்தின் தோளி துங்க்ரி கிராமத்தில் 1984-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தனஞ்சய் மோகபே ஒரு பாறைத் துண்டை எடுத்தார். முட்டைகளும் ஒரு குஞ்சும் அதில் இருந்தன. குஞ்சைப் பற்றி அவர் கட்டுரையும் எழுதினார். பாறை அரசுக் காப்பில் இருந்தது. 2001-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப் வில்சன் அதே பாறையைப் பார்த்தபோது, அதிலிருந்த சில எலும்புகள் குஞ்சுடையவை அல்ல, பாம்புடையவை என்று கண்டார். மூன்றரை மீட்டர் நீளப் பாம்பு, உடைந்த முட்டையைச் சுற்றி வளைத்து, அப்போதுதான் வெளிவந்த குஞ்சுக்காகக் காத்திருந்த நிலையிலேயே மண்மூடிக் கல்லாகியிருந்தது. டைனோசர் குஞ்சைப் பாம்பு வேட்டையாடியதற்கு அப்படியொரு சான்று. 2010-இல் சனாஜே இண்டிகஸ் என்று அதற்குப் பெயரிட்டார்கள். அந்தப் பாறை எவருடைய வரவேற்பறைக்காவது போயிருந்தால்? முட்டை மட்டும் அழகாகத் தெரிய வேண்டுமென்று ‘தேவையற்ற’ எலும்புகளைச் சுரண்டி எறிந்திருப்பார்கள். குப்பையோடு குப்பையாகப் பாம்பும் போயிருக்கும்.

மத்தியப் பிரதேசம் தார் மாவட்டத்தின் பாட்லியா கிராமத்துக்காரர்கள் வயலில் கிடைத்த உருண்டைக் கற்களைக் காகட் பைரவன் என்று கும்பிட்டு வந்தார்கள். அவை டைனோசர் முட்டைகள் என்று 2023-இல்தான் செய்தி பரவியது. அதே கிராமத்துக் கூடு ஒன்றில், முட்டைக்குள் முட்டை இருந்ததை டெல்லிப் பல்கலைக்கழகத்தார் 2022-இல் அறிவித்தார்கள். நர்மதைப் பள்ளத்தாக்கில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் இருப்பதாக 2023 ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. படிக்காத மக்கள் தேங்காய் உடைத்துக் காப்பாற்றியதைப் படித்த அரசு எப்படிக் காக்கிறது? கலைப் பொருளுக்கு 1972-இலேயே சட்டம் உண்டு. புதைபடிவத்துக்கென இந்த நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. 2022 டிசம்பரில் மத்தியச் சுரங்க அமைச்சகம் புவிப் பாரம்பரிய இடங்களுக்கும் பொருள்களுக்கும் ஒரு மசோதா வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. சுரங்கத் தொழிலைக் கவனிக்கும் அமைச்சகமே தோண்டாமல் காக்கவும் சட்டம் வரைகிறது, அந்த அழகை என்னவென்பது! பழம்பெருமை பேச மேடை கிடைத்தால் ஐயாயிரம் ஆண்டுக்குக் கீழே இறங்க மறுக்கும் தலைவர்களுக்கு, ஏழு கோடி ஆண்டு பற்றி மட்டும் பேச நேரமில்லை. முட்டைக்கு ஓட்டு உண்டுதான், ஆனால் அது தேர்தலில் செல்லாது.

தோண்டுகிறவனைத் துரத்துவதால் இந்த வணிகம் நிற்கப்போவதில்லை. வயிற்றுக்கு இல்லாதவன் தோண்டத்தான் செய்வான். வாங்குகிறவரைப் பிடியுங்கள். எந்த ஊர், எந்த நிலம், எந்த ஆண்டு, யார் அனுமதி என்ற நான்கு கேள்விக்கும் சான்று காட்ட வேண்டிய கடமையைப் பேழைக்குச் சொந்தக்காரர்மேல் வையுங்கள். காட்ட முடியாவிட்டால் அது திருட்டுப் பொருள் என்று சட்டம் கருதட்டும். அதுவரை, டைனோசர் முட்டையை அலங்காரமாக வைத்திருக்கும் வீட்டுக்குப் போனால், “எவ்வளவு கொடுத்தீர்கள்?” என்று வாய்பிளந்து கேட்காதீர்கள். “எங்கிருந்து திருடியது?” என்று கேளுங்கள்.