பதினான்கு வினாடி தரிசனம்

கேள்வி: அமெரிக்காவில் 'எக்ஸிகியூடிவ் ட்ரெயின்' என்று ஒன்று ஓடுகிறதாமே, டிக்கெட் எவ்வளவு? (திருநெல்வேலி)

பதில்: விற்பனைக்கே கிடையாது. ரயில் கம்பெனியின் மேலதிகாரிகளும் அவர்கள் அழைக்கும் பெரிய வாடிக்கையாளர்களும் போகிற வண்டி அது. முழுப்பெயர் 'ஆபீஸ் கார் ஸ்பெஷல்'. ரசிகர்கள் சுருக்கி ஓ.சி.எஸ். என்பார்கள். நம் காதுக்குப் பொருத்தமான பெயர்தான்!

கேள்வி: அந்த வண்டியைப் பழைய எஞ்சின்தான் இழுக்கிறதாமே. பணக்காரக் கம்பெனி, புது எஞ்சின் போட்டுக்கொள்ளக் கூடாதா? (ஈரோடு)

பதில்: புது எஞ்சின்கள் சரக்கு இழுக்க. ஸ்பெஷலுக்கு யூனியன் பசிபிக் ரயில் கம்பெனி வைத்திருப்பவை மூன்று ஈ9 டீசல்கள், 1955-இல் செய்தவை. 949, 951 இரண்டுக்கும் உருண்டை மூக்கு. நடுவில் வரும் 963பி-க்கு முகமே இல்லை, டிரைவர் கேபின் இல்லாத வண்டி. ஒவ்வொன்றின் உள்ளே மட்டும் இரண்டு டீசல் எஞ்சின் இருந்த இடத்தில் பின்னாளில் ஒன்றை வைத்துவிட்டார்கள். 1971-இல் பயணிகளை அரசின் ஆம்ட்ராக் நிறுவனத்திடம் ஒப்படைத்த கம்பெனி, நல்ல பெட்டிகளில் சிலவற்றை வீட்டோடு வைத்துக்கொண்டது. பாகப்பிரிவினையில் கெட்டிக்காரர்கள்!

கேள்வி: கால அட்டவணை இல்லாத ரயிலைப் படமெடுக்க எப்படிக் காத்திருப்பது? (கும்பகோணம்)

பதில்: காதால். ரயில்வே ரேடியோ 160, 161 மெகாஹெர்ட்ஸில் பேசும். அதைக் கேட்க ரசிகர்கள் கையில் ஸ்கேனர் இருக்கும். தண்டவாளத்தோரம் சூடேறிய சக்கரத்தைக் கண்டுபிடிக்கும் கருவி உண்டு. வண்டி கடந்ததும், 'கோளாறு இல்லை, இத்தனை அச்சு' என்று அதுவே ரேடியோவில் சொல்லும். நானூறு, ஐந்நூறு என்றால் சரக்கு. நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டாம். அறுபத்துச் சொச்சம் என்றால் லென்ஸ் மூடியைக் கழற்றுங்கள்.

கேள்வி: வெயில் நன்றாக இருக்கிற உச்சிவேளைதானே படத்துக்கு நல்லது? (வேலூர்)

பதில்: வடகம் காயப்போட நல்லது. உச்சி வெயிலில் பெட்டியின் நிழல் சக்கரங்கள் மேலேயே விழுந்து, கீழ்ப்பாதி கரியாகிவிடும். காலை, மாலைச் சாய்வெயிலில்தான் மூக்கு, பக்கவாட்டு, சக்கரம் மூன்றும் துலங்கும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். வளைவில் நின்றால் கடைசிப் பெட்டிவரை ஒரே படத்தில் வரும்.

கேள்வி: ஷட்டர் வேகம் எவ்வளவு வைக்கலாம்? (கோவில்பட்டி)

பதில்: மணிக்கு 60 மைல் என்றால் வினாடிக்கு 88 அடி. 1/1000 வைத்தால் அந்த இமைப்பில் வண்டி ஓர் அங்குலம்தான் நகரும், எழுத்தெல்லாம் படிக்கலாம். 1/30 வைத்தால் மூன்றடி ஓடிவிடும். அப்போது கேமராவையும் வண்டியோடு சேர்த்துத் திருப்புங்கள்: எஞ்சின் தெளியும், பின்னாலுள்ள மரங்கள் கோடாக இழுபடும். மூன்று எஞ்சினும் பன்னிரண்டு பெட்டியும் உங்களைக் கடக்க 14 வினாடி. அதற்குள் திரையைப் பார்த்து ரசிக்க ஆரம்பித்தால் அடுத்த ரசனைக்கு அடுத்த வருஷம்!

கேள்வி: தண்டவாளத்தின் நடுவே நின்று எடுத்தால் அமர்க்களமாக இருக்குமே? (தூத்துக்குடி)

பதில்: இருக்கும். மறுநாள் பேப்பரில் படமும் வரும். எடுத்தவர் வேறொருவர், இருப்பவர் நீங்கள். பாதையும் அதன் ஓரமும் கம்பெனியின் சொந்த நிலம். அனுமதியில்லாமல் நுழைந்தால் கேஸ். பொதுச் சாலை, மேம்பாலம் போதும்.

கேள்வி: அவசரமில்லை, இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாமா? (காரைக்குடி)

பதில்: நார்ஃபோக் சதர்ன் கம்பெனி தன் ஸ்பெஷலுக்கு வைத்திருந்த கறுப்பு எஃப் எஞ்சின்களைப் பற்றியும் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். 2019-இல் விற்றுவிட்டார்கள். பென்சில்வேனியாவின் ரீடிங் அண்ட் நார்த்தர்ன் வாங்கிக்கொண்டது.

கேள்வி: நாள் முழுக்கக் காய்ந்து நின்று, உள்ளே இருப்பவரின் சொகுசைப் படமெடுப்பது ஏமாளித்தனம் இல்லையா? (மதுரை)

பதில்: உள்ளே இருப்பவர் எங்கே பார்க்கிறார் தெரியுமா? கடைசிப் பெட்டியில் சினிமா தியேட்டர் மாதிரி படிப்படியாக இருக்கை. எதிரே பெரிய கண்ணாடி. விலகிப்போகும் தண்டவாளத்தைத்தான் பார்த்துக்கொண்டு போவார். மெருகு போட்ட அந்த மூக்கு ரயிலின் மறுகோடியில். அதைப் பார்க்க வேண்டுமானால் அவரும் இறங்கி உங்கள் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும்.