வேண்டா மென்பொருள்: தோற்றம், வகை, நீக்கம் – ஓர் ஆய்வு

ஆய்வுக் களம்

கூடத்து மேசையில் வீற்றிருக்கும் குடும்பக் கணினியே இவ்வாய்வின் களம். பிரவுசரைத் திறந்தால் மூன்றடுக்கு டூல்பார். அவற்றின் கீழ், எஞ்சிய இடத்தில் இணையம். "இவற்றை நிறுவியது யார்?" என்ற வினாவுக்கு வீட்டார் அனைவரும் தனித்தனியே அளித்த விடை: "நான் எதையுமே தொடலை." வேறெந்தப் பொருளிலும் அக்குடும்பத்தில் இத்தகைய கருத்தொற்றுமை காணப்படவில்லை என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது.

வகைப்பாடு

வேண்டா மென்பொருள் மூவகைப்படும்.

முதலாவது பிறவி வகை. கணினி வாங்கும்போதே உள்ளே இருப்பது. 2014இல் லெனோவோ தன் லேப்டாப்கள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற மென்பொருளை வைத்தே விற்றது. பூட்டுக்குறி உள்ள பாதுகாப்பான பக்கங்களிலும் அது விளம்பரத்தைச் செருகியது. அதற்காக ஒரு போலிச் சான்றிதழையும் உடன் வைத்திருந்தது. அச்சான்றிதழுக்கு எல்லா லேப்டாப்களிலும் ஒரே சாவி. 2015 பிப்ரவரியில் குட்டு வெளிப்பட்டது.

இரண்டாவது உறவு வகை. பேசிப் பழகி உள்ளே வருவது. 1999இல் வந்த 'பான்சி பட்டி' என்ற மென்பொருள், பின்னர் ஊதா நிறக் கொரில்லாவாகத் திரையில் தாவித் திரிந்து நகைச்சுவை சொன்னது. பெற்றோர் அனுமதியின்றிக் குழந்தைகளின் விவரங்களைத் திரட்டியதற்காக 2004இல் அதன் நிறுவனம் அமெரிக்க அரசுக்கு 75,000 டாலர் கட்ட நேர்ந்தது.

மூன்றாவது ஒட்டு வகை. நாம் கேட்ட மென்பொருளின் முதுகில் ஏறி வருவது. உலகில் மிகுதியும் இதுவே. ஜாவாவை நிறுவியவர்களுக்கு ஆஸ்க் டூல்பார் பல ஆண்டுகள் இவ்வாறு வந்து சேர்ந்தது. ஜாவா வந்த கையோடு அது வெளிப்படவில்லை. பத்து நிமிடம் பதுங்கியிருந்து பின்னரே தன்னை நிறுவிக்கொண்டது. ஐயுற்று உடனே பட்டியலைப் பார்த்தவர், ஒன்றும் இல்லை என்று நிம்மதியாகக் காபி குடிக்கப் போய்விட்டார். இது மென்பொருள் அறிவன்று, மனித அறிவு.

நுழைவியல்

இலவச மென்பொருளைத் தேடிச் செல்பவர் முதலில் காண்பது நான்கைந்து டவுன்லோடு பொத்தான்கள். இங்கு நாம் கண்டறிந்த விதி: பொத்தானின் பருமனும் அதன் உண்மையும் தலைகீழ் விகிதத்தில் அமையும். பச்சை நிறத்தில் பளபளப்பது விளம்பரம். ஓரத்தில் எறும்பு எழுத்தில் இருப்பதே அசல்.

அடுத்து, நிறுவும் திரை. "எக்ஸ்பிரஸ் (பரிந்துரைக்கப்படுவது)" என்பது தடித்த எழுத்தில் தெரியும். "கஸ்டம்" சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும். பரிந்துரைப்பவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. கஸ்டமை அழுத்தினால்தான் உண்மை புலப்படும்: நாம் போடாத டிக் ஒன்று, நமக்காக ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். ஆகவே இவை பூட்டை உடைத்து நுழைவன அல்ல. நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தாழ்ப்பாளைத் திறந்துவிட்டது வீட்டார் விரலே.

நீக்கவியல்

கன்ட்ரோல் பேனலில் உள்ள மென்பொருள் பட்டியலை நிறுவிய தேதி வாரியாக அடுக்குக. ஒரே நாளில் வந்த கூட்டாளிகள் வரிசையாக நிற்பர். அன்இன்ஸ்டால் கொடுத்ததும் "உண்மையிலேயே எங்களைப் பிரியப் போகிறீர்களா?" என்ற கெஞ்சல் எழும், அங்கும் பெரிய பொத்தான் "வைத்துக்கொள்கிறேன்" என்பதே. இரங்கற்க.

பின்னர் பிரவுசரின் எக்ஸ்டென்ஷன்கள், முகப்புப் பக்கம், தேடுபொறி மூன்றையும் சரிபார்க்க. பிரவுசர் ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸில், டார்கெட் வரியின் வாலில் ஏதேனும் இணைய முகவரி ஒட்டியிருந்தால் வெட்டுக. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் அறிமுகமில்லாதவற்றை முடக்குக. எஞ்சியதைத் துடைக்க ஆட்வ்கிளீனர் போன்ற கருவி உதவும்.

எச்சரிக்கை: "உங்கள் கணினியில் ஆயிரம் பிழைகள்" என்று அலறி, பணம் கட்டினால் திருத்துவதாகச் சொல்லும் ரெஜிஸ்ட்ரி கிளீனர் மருந்தன்று, அதுவே நான்காம் வகை. இத்தகைய கிளீனர்களை மைக்ரோசாஃப்ட்டும் ஆதரிப்பதில்லை.

முடிபு

மென்பொருளை அதை உருவாக்கியவரின் தளத்திலிருந்தே இறக்குங்கள். கஸ்டமைத் தேர்ந்து, போடாத டிக்குகளை எடுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் வேண்டா மென்பொருளைத் தடுக்கும் வசதி அணைந்திருந்தால் ஆன் செய்யுங்கள். அன்றாடப் புழக்கத்துக்கு அட்மின் அல்லாத கணக்கு ஒன்றை வீட்டாருக்குக் கொடுத்து, அட்மின் பாஸ்வேர்டை, திரையில் வருவதைப் பொறுமையாகப் படிக்கும் பழக்கம் உள்ளவரிடம் மட்டும் விடுங்கள். அப்படி ஒருவரும் வீட்டில் இல்லையென்றால், புதிதாக எதையும் நிறுவாதிருப்பதே சாலச் சிறந்தது.