இரண்டாம் பாகம் நாலாம் மாடியில்

பாகம் பாகமாக வரும் நாவல்களை வாசிக்கிறவர்களுக்குக் கொழும்பில் இரண்டே கவலைகள்: அடுத்த பாகம் எப்போது வரும், இரவல் கொடுத்த பாகம் எப்போது திரும்பி வரும். கதாநாயகி யாரைக் கட்டுவாள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் வீட்டில் இந்த வருத்தம் பரம்பரையாக வருகிறது. கொட்டாஞ்சேனையில் அம்மாவுக்கு இந்திய வார இதழ்களின் தொடர்கதைகள் என்றால் உயிர். 1970களில் அந்த இதழ்களின் இறக்குமதிக்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட்ட நேரம், அம்மாவின் கதாநாயகன் ரயில் படியில் ஒரு காலை வைத்திருந்தானாம். அடுத்த இதழ் வரவேயில்லை. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்த அம்மா, பிறகு தானே அவனை ரயிலில் ஏற்றினார். குழாயடிக்குத் தண்ணீர் எடுக்க வரும் பெண்களுக்கு வாரம் ஓர் அத்தியாயம். வில்லனுக்கு வாதம் வந்தது. மாமியார் திருந்தினார். கலியாணம் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் நடந்தது. அவன் சென்னைப் பிராமணப் பெடியன் என்பதையெல்லாம் குழாயடியில் ஒருவரும் பொருட்படுத்தவில்லை. பல வருஷம் கழித்து அசல் முடிவு புத்தகமாகக் கைக்கு வந்தபோது, அம்மாவுடையதே நன்றாயிருந்தது என்று தீர்ப்பாயிற்று. இன்று பிள்ளைகள் இதற்கு ரசிகர் புனைகதை என்று பெயர் வைத்து இணையத்தில் எழுதுகிறார்கள். அம்மா குடத்தை வைத்துக்கொண்டே செய்தார்.

அந்த இறக்குமதிக் கட்டுப்பாட்டால் நன்மையும் விளைந்தது. கிராண்ட்பாஸ் வீதியில் இருந்த வீரகேசரி நம்மவர்களின் நாவல்களை மலிவு விலையில் வெளியிட்டது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’, பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ எல்லாம் அப்படித்தான் அம்மாவின் தலையணைக்குக் கீழே வந்து சேர்ந்தன. அருமையான நாவல்கள். அம்மாவின் ஒரே முறைப்பாடு, அவை ஒரே புத்தகத்தோடு முடிந்துவிடுகின்றன என்பதுதான்.

எனக்கு வாய்த்தது ‘பொன்னியின் செல்வன்’. 1950இல் தொடங்கி 1954 வரை கல்கி இதழில் வந்து, ஐந்து பாகமாக நிற்கிற கதை. இரண்டாம் பாகமான ‘சுழற்காற்’றில் வந்தியத்தேவன் கடல் கடந்து எங்கள் நாட்டுக்கு வருகிறான். தம்புள்ளை வருகிறது, அநுராதபுரம் வருகிறது. சொந்த ஊர்ப் பெயரைச் சோழர் கதையில் பார்க்கிற புளகாங்கிதம் இருக்கிறதே, அதனால்தான் அந்தப் பாகத்தைக் கண்டவுடன் எல்லாரும் கேட்கிறார்கள். என்னுடையதை வாங்கிக்கொண்டு போனவர், அக்காவின் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் நாலாம் மாடியில் இருக்கிற அன்ரி. இரகசியப் பொலிஸ் விசாரிக்கிற இடத்துக்கும் நாலாம் மாடி என்றுதான் பெயர். நாலாம் மாடிக்குப் போனால் எப்போது திரும்பலாம் என்று கேட்கக் கூடாது என்பது கொழும்புத் தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லிஃப்டில் கண்டால் அன்ரி பிள்ளைகளின் சுகம் விசாரிப்பார். நானும் விசாரிப்பேன். அருள்மொழிவர்மரைப் பற்றி இருவரும் வாய் திறப்பதில்லை.

57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, அங்கே போய் வாசியேன் என்கிறார் அத்தான். 1942இல் தொடங்கிய சங்கம், நல்ல நூலகம். ஆனால் எனக்கு வாசிக்க வேண்டியிருப்பது நூலகமெல்லாம் பூட்டிய பிறகு, இரவு பதினொன்றரைக்கு. அதனால் புத்தகக் கடைக்குப் போனேன். காலி வீதியில் ஏறி இறங்கி, பின்னட்டையில் போட்டிருக்கிற இந்திய விலையை மூன்றரையால் பெருக்கி, பெருமூச்சு விட்டு, வாங்கினேன். கல்கியின் எழுத்து நாட்டுடைமையான பிறகு யாரும் அச்சிடலாம் என்றாகிவிட்டது. ஆகவே புதிய இரண்டாம் பாகம் மற்ற நாலையும் விட ஒரு விரற்கடை உயரம். அலுமாரியில் வரிசையாக வைத்தால், குடும்பப் படத்தில் வெளிநாட்டு மாப்பிள்ளை மாதிரித் தனியே தெரிகிறது. பெறாமகள் அதைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். “சித்தி, இதோட எப்பிடி நித்திரை கொள்ளுறீங்கள்?”

அவள் என் கட்சி என்று அன்றைக்கே தெரிந்தது. முதுகெல்லாம் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருக்க வேண்டும், சினிமாப் படம் போட்ட அட்டை கூடாது என்பதெல்லாம் அவளுக்கும் உண்டு. 2022 மார்ச்சில் கடதாசி இல்லையென்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திப் போட்டார்களே, அந்த நாளில் அவள் பெர்சி ஜாக்சனின் ஐந்து பாகங்களையும் முடித்தாள். மாதக் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. அத்தான் காஸ் வரிசையில், அக்கா பால்மா வரிசையில், இவள் மெழுகுதிரியோடு கிரேக்கத் தெய்வங்களின் வரிசையில். அந்த வீட்டில் அப்போது மனச்சோர்வு இல்லாமல் இருந்தவள் இவள் ஒருத்திதான்.

இப்போது கம்பஸ் போகிறாள், வாசிப்பும் வளர்ந்துவிட்டது. ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ என்று 2023இல் வந்த ஒன்றை என் மடியில் போட்டாள். பறவைநாகங்களில் ஏறிப் போர் செய்யக் கற்றுக்கொடுக்கும் கல்லூரி. அங்கே பரீட்சையில் தவறினால் சாவுதான். கதாநாயகிக்கு அவளைக் கொல்லக் காரணமுள்ள ஒருவன்மீதே மையல். “எதிரியா இருந்து காதலரா மாறுறது சித்தி. புது ஸ்டைல்.” ரமணிசந்திரனின் எத்தனையோ கதாநாயகிகள், கையை முறுக்கித் திமிராகப் பேசுகிற பணக்காரனைத்தான் கடைசியில் கட்டினார்கள் என்றேன். பறவைநாகத்துக்குப் பதில் அவனிடம் கார் இருக்கும், அவ்வளவுதான். இந்தக் கதைகளுக்குக் கிளுகிளுப்பை வைத்து மிளகாய்ப் புள்ளியும் போடுகிறார்களாம். “இதுக்கு மூண்டு மிளகாய்.” சாண்டில்யனுக்கு எத்தனை என்று கேட்டாள். ‘கடல் புறா’வில் பகைவன் ஓங்கிய வாள் அந்தரத்தில் நிற்க, ஆசிரியர் நாயகியின் இடையை வர்ணித்து முடித்துவிட்டுத்தான் அதைக் கீழே இறங்க விடுவார். நாலு கொச்சிக்காய் போட்டேன். ரமணிசந்திரனுக்கு மிளகாயே கிடையாது, ஏலக்காய்தான்.

அத்தானுக்கு இதெல்லாம் ஒத்துவராது. கணக்காளர். முடிவு தெரிந்த கதையைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறாயே, அதில் என்ன லாபம் என்பார். கேட்டுவிட்டு ரிமோட்டை எடுத்து 1996 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தைப் போடுவார். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 எடுப்பார் என்று லாகூர் மைதானத்துப் புல்லுக்கே இன்று தெரியும். ஆனாலும் அத்தான் ஒவ்வொரு முறையும், ஜயசூரிய ரன் அவுட் ஆகும்போது நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

நானும் பெறாமகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். நான் பறவைநாகம் வாசிப்பது, அவள் சோழர் வாசிப்பது. நான் இரண்டு இரவில் முடித்தேன். வேலைத்தலத்தில் கண் சிவந்ததற்குத் தூசி என்று காரணம் சொன்னேன். அந்தத் தொடரும் ஐந்து பாகமாம். மூன்றாவது 2025 ஜனவரியில் வந்தது. மிச்சம் இரண்டுக்குக் காத்திருக்க வேண்டும். ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ஐந்தாம் பாகம் 2011இல் வந்ததோடு நின்றுபோன ரசிகர்களை நினைத்தால், எங்கள் அம்மாவின் ரயில் படி எவ்வளவோ மேல்.

அவளுக்குத் தமிழ் வாசிப்பு கொஞ்சம் மெதுவாக ஓடும். முதல் பாகத்தில் முனகினாள். உயரமான இரண்டாம் பாகத்தில் பூங்குழலி படகு வலித்ததும் முனகல் நின்றது. கடைசிப் பாகம் முடித்த இரவு ஒரு மணிக்கு என் ஃபோன் அடித்தது. நித்திரைத் தூக்கத்தில், யாரோ மோசம் போய்விட்டார்கள் என்று பதறி எடுத்தேன். மோசம் போனவர் ஆதித்த கரிகாலர்தான்.

“ஆர் சித்தி கொன்றது? ஐஞ்சு பாகம் வாசிச்சாச்சு, ஆரெண்டு மனுஷன் சொல்லேல்லையே!”

அது அப்படித்தான் பிள்ளை, அன்றைக்கு வாசித்தவர்களும் இப்படித்தான் ஆசிரியரைத் துளைத்தெடுத்தார்கள், அதனால்தான் அவர் கடைசியில் முடிவுரை எழுதி யார் யார் பிறகு என்ன ஆனார்கள் என்று சொன்னார் என்று விளக்கினேன்.

“அதையும் வாசிச்சிட்டன். காணாது. ஆறாம் பாகம் எப்ப?”

“அவர் 1954 டிசம்பரிலேயே போய்ச் சேர்ந்திட்டார்.”

மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “அப்ப அம்மம்மாட்டக் கேளுங்கோ,” என்றாள். “அவவுக்குத் தெரிஞ்சிருக்கும்.”