கடைசியாகக் குடிவந்தவர்

பள்ளிக்கரணைப் பக்கம் எந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் நுழைந்தாலும் இவர் ஒருவர் இருப்பார். வங்கியின் தணிக்கைப் பிரிவில் முப்பது வருஷம் அடுத்தவர் கணக்கில் பிழை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். ஒரு பிழையாவது அகப்படாவிட்டால் அவருக்குப் பொழுதே விடியாது. தோளில் மஞ்சப்பை. உள்ளே தகவல் உரிமை மனுக்கள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் நாலைந்து, மெஷரிங் டேப், இருமல் மிட்டாய். எங்கள் குடியிருப்பில் அவருக்கு 'ஓ.எஸ்.ஆர். சார்' என்று பெயர். சொந்தப் பெயர் பராமரிப்புக் கட்டண ரசீதில் மட்டும் இருக்கிறது.

ஓ.எஸ்.ஆர். என்பது திறந்தவெளி ஒதுக்கீடு. 10,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள இடத்தில் வீடு கட்டுகிறவர், சாலை போக மிச்சத்தில் 10 சதவீதத்தை வெறுமனே விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். விளம்பரத் தாளில் அது பூங்கா. வீடு விற்றதும் அங்கே முதலில் ஒரு டிரான்ஸ்பார்மர் வரும். அப்புறம் சிமென்ட் மூட்டை வைக்கத் 'தற்காலிகமாக' ஒரு தகரக் கொட்டகை. கடைசியில் பிள்ளையார் வந்து உட்கார்ந்துவிட்டால் தீர்ந்தது கதை. அவரிடம் போய் யார் பத்திரம் கேட்பது?

அதனால் சார் ஞாயிறுதோறும் டேப்போடு கிளம்பிவிடுவார். ஒரு முனையை வாட்ச்மேன் பிடித்துக்கொள்ள வேண்டும். "போன வாரத்துக்கு இந்த வாரம் நாலு இஞ்ச் குறையுது சார்!" வாட்ச்மேன் நின்ற இடத்திலிருந்து நாலு இஞ்ச் முன்னே நகர்ந்து நின்றது அன்று சாயங்காலம்தான் தெரியவந்தது. அதற்குள் மனு தபாலில் போய்விட்டது.

மனு போனால் அதோடு முடியாது. தகவல் உரிமைச் சட்டத்தில் 6(3) என்று ஒரு பிரிவு. கேட்ட தகவல் வேறு ஆபீஸில் இருந்தால், மனுவை அங்கே அனுப்பிவிட்டுக் கேட்டவருக்கும் தெரிவிக்க வேண்டும். இப்படி ஒரு மனு நாலு ஆபீஸைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. வேறொருவராக இருந்தால் நொந்துபோயிருப்பார். சார் நாலு கடிதத்தையும் லேமினேட் செய்து வைத்திருக்கிறார். "பெண் ஜாதகம்கூட இவ்வளவு சுத்தாது" என்று சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

சிரிக்கிறேனே தவிர, எங்கள் பூங்காவில் இன்று நிற்கும் பதினோரு புங்க மரமும் அவர் பெயின்ட் வாளியில் தண்ணீர் சுமந்து வளர்த்தவை. நாங்களெல்லாம் அப்போது வாட்ஸ்அப்பில் கைகூப்பிக்கொண்டிருந்தோம்.

ஆனால் அவருடைய நிஜமான காதல் பால்கனிக்கு எதிரே இருக்கிறது. சதுப்புநிலம். 2022ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, ஏறக்குறைய 1,248 ஹெக்டேர் என்று சொந்த ஊர் விலாசம் மாதிரி ஒப்பிப்பார். 'ஏரி பார்த்த வீடு' என்று விளம்பரம் பார்த்துத்தான் வாங்கினாராம். மேற்கு மாம்பலத்திலும் லேக் வியூ ரோடு இருக்கிறது; ஏரி போய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன, வியூ மட்டும் போர்டில் நிற்கிறது. அதை ஒருமுறை சொல்லிவிட்டு இரண்டு நாள் அவர் முகத்தில் விழிக்க முடியவில்லை.

போன வருஷம் அந்த பால்கனிக்கும் கூழைக்கடாக்களுக்கும் நடுவில் பதினெட்டு மாடிக்கு ஒரு பேனர் வைத்தார்கள். சார் காபியை அப்படியே வைத்துவிட்டார். "நீர்நிலையில வீடு கட்ட எப்படி சார் மனசு வருது?" என்று லிஃப்டில், மாடிப்படியில், எதிர்வீட்டு வளைகாப்பில்கூடக் கேட்டார்.

2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், ஆய்வு முடியும்வரை சதுப்புநிலத்திலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டரிலும் புதுக் கட்டட அனுமதி கூடாது என்றது. சார் மாடி மாடியாக ஏறி மைசூர்பாகு கொடுத்தார். மறுநாள் காலை, அந்த ஒரு கிலோமீட்டருக்குள் நாமும்தான் இருக்கிறோம், இனி வீட்டை விற்கப் போனால் விலை கேட்கவே ஆள் வராது என்று மூன்றாம் மாடி புரோக்கர் அவர் காதில் போட்டார். சார் கொஞ்ச நேரம் மைசூர்பாகு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு கிலோமீட்டர்னா... எங்கேருந்து அளக்கிறாங்களாம்?"

சாயங்காலம் பழைய கிராம வரைபடத்தின் ஜெராக்ஸைக் கார் பானெட்டில் விரித்து விளக்கினார். எது ஏரி, எது மேய்க்கால் புறம்போக்கு, பேனர் வைத்தவன் எந்த சர்வே எண்ணை விழுங்கப் பார்க்கிறான், எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தார்.

"நம்ம பிளாக் எங்கே சார் வருது?" என்றேன்.

எட்டாக மடித்து மடித்து, நட்டநடுவில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியாகக் கார் பானெட் பளபளத்தது.

"அது மடிப்புல போயிடுச்சு சார்" என்றார், வரைபடத்தை மறுபடி பதமாக மடித்துக்கொண்டே.