ஜனவரி ஜாம்பவான்கள்

“இந்த ஆட்டத்துக்குக் கால் காசு மதிப்புக் கிடையாது, தம்பி” என்று ஆரம்பித்து, அந்தக் கால் காசு பெறாத ஆட்டத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசக்கூடியவர்கள் அயர்லாந்தின் மேற்குப் பக்கம் வசிக்கிறார்கள். ஆட்டமே எழுபது நிமிடம்தான். மிச்சமெல்லாம் வட்டி.

மனைவிக்கு ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்து, அவருடைய விசாவுக்குப் பின்னிணைப்பாக மேயோ கவுன்ட்டியின் காசில்பாருக்கு வந்து சேர்ந்தவன் நான். இந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் மழையைப் பற்றித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். அதை நம்பி நாமும் குடை, ஜலதோஷம் என்று தயாராகிக்கொண்டிருப்போம். மூன்றாவது வாக்கியத்தில் பேச்சு கேலிக் கால்பந்துக்குப் போயிருக்கும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையிலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒரு புள்ளி. கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. ஸ்கோரை 1-12 என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், பதினைந்து என்று நாம்தான் மனக்கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். 1884இல் தர்ல்ஸ் என்ற ஊரின் ஓட்டல் ஒன்றில் கூடித் தொடங்கிய ஜிஏஏ என்ற சங்கம்தான் இதை நடத்துகிறது. டப்ளினில் 82,000 பேருக்கு மேல் கொள்ளும் குரோக் பார்க் அதற்குச் சொந்தம். அந்த மைதானத்தில் ஆடுகிறவர்களுக்கோ சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆடியவர் திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

ஜூலையில் நடக்கும் அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்துக்கு, அதாவது சாம் மகுவையர் கோப்பைக்கு, டிக்கெட் தேடி அலைவது எந்த ஊரிலும் நடப்பதுதான். எனக்கு வியப்பு, ஜனவரியில் நடக்கும் எஃப்.பி.டி. லீக். கொனாட் மாகாணத்தின் ஐந்து கவுன்ட்டிகளான மேயோ, கால்வே, ராஸ்காமன், ஸ்லைகோ, லீட்ரிம் ஆகியவை சீசன் தொடங்குவதற்கு முன்னால் கை கால் உதறிக்கொள்வதற்காக ஆடும் போட்டி அது. எஃப்.பி.டி. என்பது ஒரு காப்பீட்டு நிறுவனம். ஜனவரி மாதத்து நம்பிக்கைகளுக்குக் காப்பீடு தேவைப்படும் என்பதை யாரோ முன்யோசனையோடு கணித்திருக்கிறார்கள்.

இந்தப் போட்டியில் ஜெயித்து யாரும் எங்கும் போக முடியாது. தோற்றாலும் ஒன்றும் போய்விடாது. பயிற்சியாளர்கள் முப்பது முப்பத்தைந்து பையன்களைக் கூப்பிட்டு, யார் தேறுவான் என்று பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். இப்படி ஒரு போட்டிக்குக் கொட்டுகிற மழையில் ஆயிரக்கணக்கானவர்கள் ஏன் வருகிறார்கள் என்பதற்கு என் அடுத்த வீட்டுப் பெரியவரே விளக்கம். ஓய்வு பெற்ற தபால்காரர். எழுபதைத் தாண்டியவர். தெருவில் சின்னப் பையன்கள் உட்பட எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு மட்டும் நாக்கு வளைய மறுக்கிறது. “எக்ஸ்கியூஸ் மீ” என்றே காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவரோடு ஒருமுறை எங்கள் ஊர் மைதானமான மெக்ஹேல் பார்க்கில் மேயோவின் ஜனவரி ஆட்டம் ஒன்றைப் பார்த்தேன். மழை மேலிருந்து கீழே பெய்யவில்லை. இடமிருந்து வலமாகப் பெய்தது. பெரியவர் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார், எனக்கும் ஒரு பை கொடுத்தார். ஃப்ளாஸ்க்கில் டீ. அலுமினியத் தாளில் சுற்றிய ஹாம் சாண்ட்விச். அச்சடித்த ஆட்ட விவரப் புத்தகத்தில் இருபத்து நான்காம் எண்ணுக்கு ஒரு பெயர் போட்டிருந்தது. களத்தில் அந்த எண்ணில் ஓடியது வேறு ஒரு செம்பட்டைத் தலைப் பையன். ஒலிபெருக்கியில் சொன்ன பெயர் இந்த இரண்டுமில்லாத மூன்றாவது பெயர்.

அரங்கின் எங்கள் பகுதி முழுக்கப் பரபரப்பாகிவிட்டது. ஆட்டம் ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, இருபது பேர் அந்தப் பையன் யார் என்ற ஆராய்ச்சியில் இறங்கினார்கள். முன்வரிசை அம்மாள் ஒருவர் பெல்முல்லட் பக்கத்துப் பையன் என்றார். பின்னாலிருந்தவர், இல்லை, அவன் அம்மா வீடுதான் பெல்முல்லட் என்று திருத்தினார். பெரியவர் மட்டும் பேசாமல் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். பையன் ஒருமுறை இடது காலை வெளிப்பக்கமாக வீசித் திரும்பினான். பெரியவர் டீ மூடியைக் கீழே வைத்தார்.

“அந்தக் காலை எனக்குத் தெரியும். அவன் தாத்தாவுக்கு முப்பது வருஷம் தபால் கொடுத்திருக்கிறேன். கதவைத் திறந்துகொண்டு இப்படித்தான் வருவார்.”

விஷயம் தீர்ந்தது. சுற்றியிருந்த இருபது பேரும் நிம்மதியாகச் சாண்ட்விச்சைப் பிரித்தார்கள். இதற்குள் எதிரணி இரண்டு புள்ளி எடுத்திருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஆட்டக்காரரை விலைக்கு வாங்கும் வழக்கம் இந்த விளையாட்டில் இல்லை. பிறந்த ஊர், வளர்ந்த கிளப், அதன் கவுன்ட்டி என்று போகும். எனவே களத்தில் இருக்கும் ஒவ்வொருவனும் அரங்கில் இருக்கும் யாருக்கோ ஒன்றுவிட்ட உறவு. இவனை எடுத்தது தப்பு என்று சத்தமாகச் சொல்வதற்கு முன்னால் இரண்டு வரிசை முன்னும் பின்னும் பார்த்துக்கொள்வது நல்லது. கல்யாண வீட்டில் சாம்பாரைக் குறை சொல்வதற்கு எவ்வளவு ஜாக்கிரதை வேண்டுமோ அவ்வளவு வேண்டும்.

ஜனவரி ரசிகரின் தர்க்கத்தை எந்த வக்கீலாலும் உடைக்க முடியாது. மேயோ தோற்றால்: “கால் கனத்துக் கிடக்கிறது. கடுமையான பயிற்சி நடக்கிறது. நல்ல அறிகுறி.” மேயோ ஜெயித்தால்: “அந்தப் பக்கம் இன்னும் பயிற்சியே ஆரம்பிக்கவில்லை. இதில் ஏமாந்துவிடாதே.” ஆட்டம் சமனில் முடிந்தால் இரண்டையும் சேர்த்துச் சொல்வார்கள். இப்படியாக, ஜனவரி மாதத்தில் நடக்கும் எந்த நிகழ்ச்சியாலும் ஒரு மேயோ ரசிகரின் நம்பிக்கையைக் கூட்டவோ குறைக்கவோ முடிவதில்லை.

இந்த நியதிக்கு ஒரே விலக்கு கால்வே. கால்வேக்கு எதிரான ஆட்டம் மட்டும் கால் காசு பெறாத கணக்கில் சேராது. அதில் தோற்ற அன்றைக்குக் கால் கனம், பயிற்சி என்ற பேச்செல்லாம் காரிலேயே அடங்கிவிடும். பெரியவரின் மருமகன் கால்வேக்காரர். நல்ல மனிதர், பேரக் குழந்தைகளை நன்றாக வளர்க்கிறார், குடிப்பழக்கம் அளவோடுதான். இத்தனை நற்சான்றிதழ்களையும் கொடுத்துவிட்டுக் கடைசியில் பெருமூச்சு விடுவார் பெரியவர்.

ஜனவரிக் கோப்பைக்கு ஏதாவது அர்த்தம் உண்டா என்பது இந்தக் குடும்பத்தில் தீராத வழக்கு. மருமகன் 2022ஐ எடுத்து வைப்பார்: ஜனவரியில் கால்வே எஃப்.பி.டி. லீக்கை ஜெயித்தது, ஜூலையில் அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்துக்கே போய்விட்டது. பெரியவரும் அதே 2022ஐயே எடுத்து வைப்பார்: இறுதி ஆட்டத்தில் கெர்ரியிடம் தோற்றதே, அதைச் சொல்லவில்லையே! அப்புறம் டப்ளினைக் கூப்பிடுவார். 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு முறை சாம் மகுவையர் கோப்பையைத் தூக்கிய அணி. ஜனவரிப் போட்டிகளுக்குப் பெரும்பாலும் முக்கியமான ஆட்களை அனுப்பாமல், பேர் தெரியாத இளைஞர்களை அனுப்பிவைத்தது. “ஜனவரியில் தூங்கினவன்தான் கடைசியில் கோப்பை வாங்கினான்” என்பது பெரியவர் கட்சி. அப்படியானால் மழையில் நனைந்துகொண்டு நீங்கள் ஏன் போகிறீர்கள் என்று மருமகன் கேட்க மாட்டார். அவரும் அந்த மழையில்தான் இருப்பார்.

மேயோக்காரர்களின் இந்தப் பக்குவத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. அவர்கள் கடைசியாக அகில அயர்லாந்துப் பட்டம் வென்றது 1951இல். கோப்பையோடு திரும்பிய அணி ஃபாக்ஸ்ஃபோர்ட் ஊரில் ஒரு சவ ஊர்வலத்தைக் கண்டும் மரியாதைக்கு நிற்காமல் போய்விட்டதாம். இந்த அணியில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை மேயோவுக்கு இனிக் கோப்பை இல்லை என்று பாதிரியார் சபித்தாராம். நடந்ததோ இல்லையோ, 1989 முதல் 2021 வரை மேயோ பதினொரு இறுதி ஆட்டங்களில் தோற்றிருக்கிறது. அந்த 1951 இறுதி ஆட்டத்தில் ஆடியவர்களில் கடைசியாக எஞ்சியிருந்த பேடி பிரெண்டர்காஸ்ட் 2021 செப்டம்பரில் காலமானார். சாபத்தின் காலக்கெடு முடிந்தது. கோப்பை வரவில்லை. சாபம் இருந்தவரை தோல்விக்கு ஒரு காரணமாவது இருந்தது, இப்போது அதுவும் போய்விட்டதே என்று பெரியவர் வருத்தப்படுகிறார்.

ராஸ்காமனுக்கு ஒரு முறை கூட்டிக்கொண்டு போனார். அங்கே மைதானத்தின் பெயர் டாக்டர் ஹைட் பார்க். டக்ளஸ் ஹைட், நாட்டின் முதல் ஜனாதிபதி, அந்தப் பக்கத்துக்காரர். 1938இல் அவர் ஒரு சர்வதேச சாக்கர் ஆட்டத்துக்குப் போய்வந்தார் என்பதற்காக, அன்னிய விளையாட்டைப் பார்த்த குற்றத்துக்கு, ஜிஏஏ தன் புரவலர் பட்டியலிலிருந்தே அவரை நீக்கியது. பிற்பாடு மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அந்தத் தடையெல்லாம் 1971லேயே போய்விட்டது என்றாலும், என் வீட்டில் பிரீமியர் லீக் ஓடும்போது பெரியவர் ஜன்னல் பக்கம் திரைச்சீலையை இழுத்துவிடுகிறேன். ஜனாதிபதிக்கே அந்த கதி.

மழையைப் பற்றிக் குறை சொன்னவர்களுக்காகக் கொனாட் ஜிஏஏ ஒரு காரியம் செய்தது. மேயோவின் பெக்கானில் ஒரு முழு மைதானத்தையும் மூடும்படி காற்றுக் கூடாரம் எழுப்பியது. 150 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம், 26 மீட்டர் உயரம்; தூண் கிடையாது, உள்ளே அடைத்த காற்றுதான் கூரையைத் தாங்கும். 2022 ஜனவரியில் எஃப்.பி.டி. ஆட்டங்கள் அதற்குள் நடந்தன. நனையாமல், நடுங்காமல், வெளிச்சத்தில் கால்பந்து பார்க்கலாம். ரசிகர்களுக்குச் சந்தோஷமா என்றால் இல்லை. பந்து கூரையில் பட்டால் என்ன செய்வது என்று கொஞ்ச நாள் விவாதித்தார்கள். காற்று இல்லை, சேறு இல்லை, இதில் ஆடித் தேறுகிற பையன் பிப்ரவரி மழையில் நிற்பானா என்று கொஞ்ச நாள். பெரியவரின் குறை எளிமையானது: உள்ளே டீ சீக்கிரம் ஆறுவதில்லை, நாக்கு சுட்டுவிடுகிறது.

2025இல் எல்லாம் சேர்ந்து கவிழ்ந்தது. ஆட்டக்காரர்கள் களைத்துப் போகிறார்கள்; கல்லூரிப் பையன்கள் அதே மாதத்தில் பல்கலைக்கழகங்களுக்கான சிகர்சன் கோப்பையிலும் ஆட வேண்டியிருக்கிறது; ஓய்வு கொடுங்கள் என்று சொல்லி, நான்கு மாகாணங்களிலும் அந்த ஆண்டு ஜனவரிப் போட்டிகளை நிறுத்திவிட்டது ஜிஏஏ. நியாயமான முடிவுதான். இந்தப் போட்டி தண்டம், எடுத்துவிட வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்தவர்கள் அதிர்ச்சியில் உறைந்தார்கள். தண்டம் என்று சொல்வதற்குப் போட்டி வேண்டாமா?

ஜனவரி 24ஆம் தேதி எயோவின் புயல் வந்தது. கால்வே கடற்கரையில் காற்று மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல். நாடு முழுக்க ஏழு லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. பெக்கான் கூடாரம் கிழிந்து தரைமட்டம். எங்கள் தெரு இருட்டில் கிடந்தபோது பெரியவர் டார்ச்சோடு வந்து, நாங்கள் பத்திரமா என்று விசாரித்தார். அடுத்த வாக்கியம்: “பார்த்தாயா, போட்டியை நிறுத்தினார்கள், கூரையே போய்விட்டது.” மருமகன் போனில் வேறு விளக்கம் வைத்திருந்தார்: கால்வே கோப்பை வாங்கின இடம் மேயோக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை.

போட்டி இல்லாததால் பேச்சு குறையும் என்று நினைத்தால் அதுவும் நடக்கவில்லை. அந்த ஆண்டு விதிகளை வேறு மாற்றினார்கள். நாற்பது மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து மேலே அடித்தால் இரண்டு புள்ளி. ஒவ்வொரு அணியிலும் மூன்று பேராவது எதிர்ப் பாதியில் நிற்க வேண்டும். இதையெல்லாம் மழையில் நின்று ஆராய்வதற்கென்றே படைத்த மாதம் ஜனவரி. அதை எடுத்துவிட்டதால் பெரியவர் என் வேலியோரம் வந்து நின்றுவிட்டார். இரண்டு புள்ளி விதி முடிந்து, 1996 இறுதி ஆட்டத்தின் மறு ஆட்டத்தில் லியம் மெக்ஹேலை நடுவர் வெளியே அனுப்பியது தர்மமா என்ற இடத்துக்கு வந்துசேர்ந்தார். இன்னும் பதில் கிடைக்கவில்லை. என் மனைவி நைட் டியூட்டி முடிந்து வந்து தூங்கும் அறை அந்த வேலிப் பக்கம்தான்.

ஆகவே குரோக் பார்க்கில் உட்கார்ந்திருக்கும் ஜிஏஏ பெரியவர்களுக்கு, காசில்பாரிலிருந்து அந்த ஜனவரியில் ஒரு விண்ணப்பம். ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கோப்பையைக்கூட நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் பதினைந்து பதினைந்து பேரை, யாராக இருந்தாலும் சரி, ஜனவரியில் மெக்ஹேல் பார்க்குக்கு அனுப்பிவையுங்கள். எதிரணி கால்வேயாக இருந்தால் உத்தமம். டிக்கெட் காசை நானே கட்டிவிடுகிறேன்.