சின்ன ஈடு, பெரிய விலை

அமெரிக்க உழவர் சந்தைகளில் மிளகாய் சாஸ் பாட்டிலுக்கும் இப்போது ஜாதகம் உண்டு: கையால் எழுதிய ஈடு எண், மிளகாய் விளைந்த ஊர், 'இயற்கை' என்ற முத்திரை. 'சின்ன ஈடு' என்றால் எத்தனை லிட்டர் என்று அங்கே எந்தச் சட்டமும் சொல்லவில்லை. லாரியோடு ஒப்பிட்டால் அண்டாவும் சின்னதுதானே! புளிப்பில் மட்டும் சட்டம் கறார்: புளிப்பை நம்பி ஃப்ரிட்ஜ் இல்லாமல் அலமாரியில் நிற்கும் சாஸில், புளிப்பு கூடக் கூடக் குறையும் பி.எச். அளவு 4.6-ஐத் தாண்டக் கூடாது. ஆகவே 'புத்தம் புதிய' மிளகாய் வினிகரில் மூழ்கி, மாதக்கணக்கில் புத்தம் புதிதாகவே இருக்கிறது.

மெக்சிகோவில் மோல்காஹெத்தே என்னும் மூன்று கால் கல்லுரலில், சுட்ட தக்காளி, மிளகாய், பூண்டு, உப்பை நசுக்கி சல்சா செய்யும் பாட்டிமார் ஈடு எண் போடுவதில்லை. அது ராத்திரிவரை மிஞ்சினால்தானே?