வளைஞ்சது வாஸ்தவம், எவ்வளவுங்கதுதான் வழக்கு

ஏலே பேராண்டி, காலேஜுல நாலெழுத்து படிச்சுட்டு வந்து, 'தாத்தா, நியூட்டன் கணக்குல வெளிச்சம் வளையாது, ஐன்ஸ்டைன் கணக்குலதான் வளையும்'னு என்கிட்டயே அளக்கியே, உங்க வாத்தியார் சம்பளம் வாங்கிட்டுத்தான் பாடம் நடத்துதாரா?

1704-ல போட்ட 'ஆப்டிக்ஸ்' புத்தகத்துல, பொருளுங்க தூரத்துல இருந்தே வெளிச்சத்தை வளைக்காதான்னு நியூட்டனே கேட்டு வச்சிருக்காரு. கேட்டாரு, பதில் சொல்லலை. பெரிய மனுசங்களுக்கு அது ஒரு சௌகரியம். 1801-ல சோல்ட்னர்னு ஒரு ஜெர்மன்காரரு உக்காந்து கணக்கே போட்டுட்டாரு. வெளிச்சத்தை ஓடுத துகளா வச்சுக்கிட்டா, சூரியனை உரசிட்டுப் போகையில 0.84 ஆர்க் செகண்ட் வளையும்னாரு. ஒரு டிகிரியை 3600-ஆ நறுக்கு. அதுல ஒரு துண்டு கூட முழுசா இல்ல.

இனிமேதான் வேடிக்கை. 1911-ல உங்க ஐன்ஸ்டைன் மூளையைக் கசக்கிச் சொன்ன விடை 0.83. ஏறக்குறைய பழைய விடையேதான்! சூரியன் மறைஞ்சாத்தானே அது பக்கத்துல தெரியுத நட்சத்திரத்தைப் படம் பிடிக்க முடியும்? அதனால இதைச் சோதிக்க 1914 சூரிய கிரகணத்துக்கு ப்ராய்ன்ட்லிக்னு ஒருத்தரு கிரிமியாவுக்குப் போனாரு. யுத்தம் வந்துட்டு. ரஷ்யாக்காரன் ஆளைப் பிடிச்சு உள்ள வச்சுட்டான். கீவ் பக்கம் போன அமெரிக்காக்காரரு கேம்பெலுக்கு மேகம் மறைச்சுட்டு. பாவம்ங்கியா? ஐன்ஸ்டைனுக்கு நல்ல நேரம்லே! படம் விழுந்திருந்தா ஊரு சிரிச்சிருக்கும். 1915 நவம்பர்ல அவரே கமுக்கமா 1.7-ன்னு ரெட்டிப்பாக்கிட்டாரு.

ரெட்டிப்பு எப்படி வந்துது? சூரியன் கிட்ட காலம் மெதுவா நடக்கு, அதுக்கு ஒரு பாதி. இடமே வளைஞ்சு கெடக்கு, அதுக்கு மறுபாதி. பழைய கணக்குக்காரன், அண்ணன் தம்பி சொத்துல அண்ணன் பங்குக்கு மட்டும் பட்டா வாங்கிட்டு, 'மொத்த நெலமும் இதான்'னு நின்னவன்.

1919 மே 29 கிரகணத்தை எடிங்டன்னு ஒருத்தரு பிரின்சிபே தீவுல படம் பிடிச்சாரு: 1.61. பிரேசில்ல சொப்ராலுக்குப் போன கூட்டத்துக்கு 1.98. அங்கயே இன்னொரு தொலைநோக்கி 0.93-ன்னு நியூட்டன் பக்கம் சாட்சி சொல்லிச்சு. வெயில்ல கண்ணாடி சூடேறிப் படம் மங்கிட்டுன்னு அந்தச் சாட்சியைத் தள்ளிட்டாக. மூக்கைச் சுளிக்காத. 1922-ல அதே கேம்பெல் ஆஸ்திரேலியாவுல வல்லாலுக்குப் போயி கிரகணத்தைப் பிடிச்சாரு. அளந்தது 1.72.

அதனால பரீட்சையில 'நியூட்டனுக்கு வளையாது'ன்னு எழுதித் தொலைக்காதலே. பாதி வளையும்னு எழுது, முழு மார்க்கு விழும்.